இருளும் இருண்மையும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் தெரணியகலைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பவர். முன்பின் அறிமுகம் இல்லை. நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தில் கேட்டு என் இலக்கத்தைப் பெற்றதாகச் சொன்னார். சப்ரகமுவத் தோட்டங்களைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய சிறப்புக் கட்டுரை ஒன்றை யாரோ வெட்டியெடுத்து அப்பாடசாலை நூலகத்தில் பாதுகாத்து வைத்திருந்திருக்கிறார்கள். அதனை ஒன்பதாம் தர மாணவர்களுக்கு வாசிப்புப் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறார் ஆசிரியை. கட்டுரையின் தலைப்பு, 'இருளில் தவிக்கும் தோட்டங்கள்.'

வாசித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாளாம்.

"டீச்சர், இது எந்தத் தோட்டத்தப் பத்தி?"

"நம்ம பக்கத்துத் தோட்டங்களப் பத்தித்தான்."

"நம்ம லயத்துல கரண்ட் இருக்கே டீச்சர்?"

வகுப்பு சிரித்திருக்கிறது. இருள் என்பது இங்கே மின்சாரம் இல்லாமையைக் குறிக்கவில்லை, அது உருவகம் என்று ஆசிரியை விளக்கியிருக்கிறார். மாணவி விடவில்லை. எதற்கு உருவகம் என்று கேட்டிருக்கிறாள். கட்டுரையைத் திரும்பவும் இரண்டு முறை படித்துப் பார்த்தும் ஆசிரியைக்குப் பதில் கிடைக்கவில்லை.

"சேர், குறை நினைக்க வேணாம். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?"

யோசித்துச் சொல்கிறேன் டீச்சர் என்று தொலைபேசியை வைத்தேன். இந்தக் கட்டுரை அந்த யோசனைதான்.

வீட்டில் நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய பத்திரிகைக் கோப்புகளை எடுத்துப் புரட்டினேன். முப்பது ஆண்டுக்கால எழுத்து. தோட்ட மக்களைப் பற்றி நான் எழுதிய இடங்களிலெல்லாம் இருள் இருந்தது. 'இருண்ட வாழ்வு', 'இருளின் பிடியில்', 'இருள் விலகுமா?' என்றெல்லாம் தலைப்புகள். தேர்தல் வந்தால் 'விடியல் பிறக்குமா?' மே தினம் வந்தால் மறுபடியும் இருள். என் கையெழுத்தில் மட்டும் அல்ல, சக பத்திரிகையாளர்களின் கட்டுரைகளிலும் கவிஞர்களின் வரிகளிலும் அரசியல்வாதிகளின் மேடைகளிலும் மலையகம் என்றதும் இந்தச் சொல் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அனுதாபத்தோடுதான் எழுதினோம். அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அனுதாபம் யாருக்கு உதவியது என்பதைத்தான் இப்போது கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். இரா, இரவு, இருள், இருட்டு ஆகியன ஒரே குடும்பத்துச் சொற்கள். இருளுதல் என்பது தன்வினை. வானம் இருண்டது, முகம் இருண்டது, கண் இருண்டது என்கிறோம். இவற்றில் எதிலும் செய்தவன் என்று ஒருவன் இல்லை. பொழுது சாய்ந்தால் இருள் தானாக வருகிறது. விடிந்தால் தானாகப் போகிறது. அதற்காக எவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு சமூகத்தின் நிலையை இருள் என்று எழுதும்போது, அந்நிலையும் இரவைப் போலத் தானாக வந்தது என்ற எண்ணத்தை எழுதுபவர் அறியாமலேயே வாசகர் மனத்தில் விதைத்துவிடுகிறார். விடியல் என்ற சொல்லும் அப்படியே. காத்திருந்தால் வந்துவிடும் என்று அது சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்து மக்களுக்கு இருள் ஒருபோதும் பகையாக இருந்ததில்லை. நான் பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்து றப்பர்த் தோட்டம் ஒன்றில். நுவரெலியாவின் தேயிலை மலைகளை மட்டும் கண்டவர்களுக்கு எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் தோற்றம் விளங்காது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலை உண்டு, றப்பரும் உண்டு. சிறிய தோட்டங்கள், அவற்றைச் சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். றப்பர் மரங்களுக்குக் கீழே நண்பகலிலும் ஒரு மங்கல் நிற்கும். பால்வெட்டுக்கு விடியுமுன்னரே போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறவர்களுக்கு அந்த இருட்டு உழைப்பின் நேரம்.

அவர்களுடைய பேச்சில் இருட்டுக்கு எத்தனை சொற்கள்! பொழுது புலரும் முன் கருக்கல். அந்தி மயங்கும் வேளை மசங்கல். மழைக்கு முன் மூட்டம். அமாவாசை இரவில் கும்மிருட்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு. எங்கள் அப்பாயி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொன்னதே இல்லை. எழுத்தறிவில்லாத அவர் அத்தனை துல்லியமாகப் பிரித்து வைத்திருந்ததைப் பட்டம் பெற்ற நான் 'இருள்' என்ற ஒரே மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டேன்.

1981 ஆகஸ்ட் மாதம் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பல தாக்கப்பட்டன. 1977இல் ஒருமுறை, பின்னர் 1983இல் இன்னொருமுறை. இரண்டுக்கும் இடையில் இது. 1983 நாடெங்கும் நினைவில் நிற்கிறது. 1981 ஆகஸ்டோ சப்ரகமுவ மக்களுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. எனக்கு அப்போது பதினொரு வயது. கூச்சல் கேட்டதும் அப்பாயி என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு றப்பர்க் காட்டுக்குள் இறங்கினார். கீழே லயத்துப் பக்கம் பந்தங்களின் வெளிச்சம் தெரிந்தது. தங்கை இருட்டுக்குப் பயந்து அழத் தொடங்கினாள்.

"அழாத ஆத்தா. இருட்டுதான் நம்மள மூடி வச்சிருக்கு" என்றார் அப்பாயி.

அன்றிரவு ஆபத்து வெளிச்சத்தோடு வந்தது. இருள் எங்களைக் காப்பாற்றியது. அதன்பின் இரண்டு நாட்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிங்களக் குடும்பம் எங்களைத் தம் வீட்டின் பின்னறையில் வைத்துச் சோறு போட்டது.

சில நாட்கள் கழித்து, கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பத்திரிகை ஒன்றை அப்பா வாசித்துக் காட்டினார். 'இனந்தெரியாத கும்பல்' தோட்டங்களைத் தாக்கியதாக அதில் இருந்தது. அப்பாயி இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்.

"நம்ம இனம் அவனுகளுக்கு நல்லாத் தெரிஞ்சுச்சே. அவனுக இனம் மட்டும் பேப்பர்காரனுக்குத் தெரியலையா?"

வந்தவர்களில் சிலரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். தோட்டத்துக்கு எப்போதும் வந்து போகிறவர்கள். பத்திரிகைக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அச்சில் ஏறியது பத்திரிகைக்குத் தெரியாதது மட்டுமே.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையுலகில் 'இனந்தெரியாத' என்பதைப் போல உழைத்த சொல் வேறொன்று இருக்க முடியாது. இனந்தெரியாத நபர்கள், இனந்தெரியாத ஆயுததாரிகள், இனந்தெரியாதோர் தீவைப்பு. இந்தத் தொழிலுக்கு வந்த பின்னர் நானும் நூற்றுக்கணக்கான தடவைகள் அதனை எழுதியிருக்கிறேன். அதனோடு ஒட்டிக்கொண்டு 'சம்பவம்', 'அமைதியின்மை', 'பதற்றநிலை', 'கலவரம்' என்று ஒரு குடும்பமே உண்டு. கலவரம் என்றால் இரு தரப்பும் மோதிக்கொண்டது என்று பொருள்படும். கூரைக்குத் தீ வைத்தவனும் காட்டுக்குள் ஒளிந்திருந்த பதினொரு வயதுப் பையனும் அந்தச் சொல்லுக்குள் சரிசமமாக நின்றார்கள்.

இவற்றையெல்லாம் இருள் என்று சொல்ல முடியாது. இதற்குத் தமிழில் வேறொரு சொல் உண்டு. இருண்மை.

பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில்தான் இச்சொல்லை நன்கு அறிந்தேன். இலக்கிய விமர்சனத்தில் புழங்கும் சொல் அது. ஒரு படைப்பு பொருள் விளங்காமல் மூடுண்டு கிடப்பதை இருண்மை என்பர். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' ஏட்டின் வழியே புதுக்கவிதை வேரூன்றிய காலந்தொட்டு, இது விளங்கவில்லையே என்ற முறைப்பாடும் கூடவே வளர்ந்தது. இலக்கியம் மக்களுக்கு விளங்க வேண்டும் என்ற நிலைநின்று பேசிய கைலாசபதி போன்ற எமது முற்போக்கு விமர்சகர்களும், சில அனுபவங்களை நேராகச் சொல்ல முடியாது என்று வாதித்த கவிஞர்களும் எதிரெதிரே நின்றார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் நோக்கம் அன்று. இருண்மை குறித்த விவாதம் முழுவதையும் நாம் கவிதையின் மீதே செலவழித்துவிட்டோம் என்பதே என் கவலை. ஒரு கவிதை விளங்காவிட்டால் எவருக்கும் சோறு குறைவதில்லை. விளங்காத சட்டமும் சம்பளச் சீட்டும் அரசாங்கக் கடிதமும் அப்படிப்பட்டவை அல்ல.

இருளுக்கும் இருண்மைக்கும் உள்ள வேறுபாடு எளிது. இருள் தானாக வரும். இருண்மையை ஒருவர் உண்டாக்க வேண்டும். அதற்கு ஓர் எழுத்தாளர் தேவை, ஒரு தாள் தேவை, மை தேவை. இருண்மை என்ற சொல்லின் ஈற்றிலேயே மை இருக்கிறது. பண்புப்பெயர் விகுதி வேறு, எழுதும் மை வேறு என்பதை நான் அறியாதவன் அல்லன். இலக்கணம் அறிந்த வாசகர்கள் பொறுத்தருள்க. ஆயினும் 1981ஐ நினைக்கும்போது இந்தப் பொருத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்று இருட்டு எங்களை மறைத்தது. மை அவர்களை மறைத்தது.

பத்திரிகைத் தொழிலில் மூன்றாவது சொல்லொன்றும் உண்டு. இருட்டடிப்பு. விளக்குகளை அணைத்து ஊரை மறைப்பதற்கும், ஒரு செய்தியை வெளியிடாமல் மறைப்பதற்கும் அந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். இருட்டடிப்பை எதிர்த்துப் போராடப் பத்திரிகையாளர்கள் பழகியிருக்கிறார்கள். அதில் செய்தியே இல்லை என்பது தெரிந்துவிடுகிறது, ஆகவே கேள்வி எழுகிறது. இருண்மையில் செய்தி இருக்கிறது. தாள் நிரம்பியிருக்கிறது. வாசித்தவர் தமக்கு விடயம் தெரிந்துவிட்டது என்று நம்பிப் பத்திரிகையை மடித்து வைக்கிறார். ஆகவே மூன்றிலும் தீங்கு மிகுந்தது இதுவே.

மலையக மக்களின் வரலாற்றில் மிகப் பெரிய இருண்மை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். அதன் பரம்பரை விதியைப் படித்துப் பாருங்கள். இலங்கையில் பிறந்த ஒருவர் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளி என்றோ தமிழர் என்றோ அவ்விதி எவரையும் சுட்டவில்லை. எல்லார்க்கும் பொதுவான ஒழுங்குபோலவே தோன்றும். ஆனால் பிறப்புப் பதிவுத் தாளைக் காட்டும் நிலையில் இல்லாதவர்கள் எவர் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லாமலேயே ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டில் வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவருக்கு 7 ஆண்டும் மணமாகாதவருக்கு 10 ஆண்டும் இடையறாத வதிவிடம் வேண்டும் என்றது. 'இடையறாத' என்பது ஒரே ஒரு பெயரடை. ஊருக்குப் போய் நெடுங்காலம் தங்கிவிட்டு வந்தவர்கள் அந்தப் பெயரடைக்குள் சிக்கினார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசப்படும் என்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல் அவர்களை ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். இறுதியில் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்தே கதை முடிந்தது. 1948இலிருந்து 2003 வரை 55 ஆண்டுகள்.

இந்த 55 ஆண்டுகளையும் 'மலையகத்தின் இருண்ட காலம்' என்று நான் எழுதியிருக்கிறேன். எழுதிய வேளையில் அது மிகச் சிறந்த தொடராகவே எனக்குப்பட்டது. இன்று பார்த்தால், மேலே உள்ள சட்ட இலக்கங்களும் ஆண்டுகளும் கையெழுத்திட்டவர்களும் அந்த ஒற்றைத் தொடருக்குள் மறைந்து போயிருக்கிறார்கள். காலம் இருண்டது என்றேன். இருளச் செய்தவர்களின் சட்டங்கள் அச்சில் கிடக்கின்றன. தேதி உண்டு, இலக்கம் உண்டு. அவற்றைக் கற்பிக்க வேண்டிய இடத்தில் ஓர் உருவகத்தைக் கொடுத்துவிட்டேன்.

பழங்கதை போதும் என்பவர்களுக்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று. 2016 ஒக்டோபரில் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 'தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 730 ரூபா' என்று தலைப்பிட்டோம். அந்த 730 எப்படி வந்தது? அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக்கு 60. விலைப் பங்குக்கு 30. உற்பத்தித்திறனுக்கு 140. குறித்த அளவு நாட்கள் வேலைக்கு வராவிட்டால் 60 இல்லை. குறித்த நிறை எடுக்காவிட்டால் 140 இல்லை. யட்டியாந்தோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்.

"பேப்பர்ல 730 போட்டிருக்கீங்க தம்பி. எங்க கையில வந்தது 530. மிச்ச 200 ஒங்க பேப்பர்லயே இருக்கு போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. நாட்டுக்கு முன்னால் அந்தப் பெண் 730 ரூபா வாங்குபவராக நிறுத்தப்பட்டார். அவர் கூடுதலாகக் கேட்டால், 730 வாங்கிக்கொண்டு இன்னுமா என்று கொழும்பில் கேட்டார்கள். 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடை அணிந்து காலிமுகத்திடலில் திரண்டு, ஆயிரம் ரூபாவை அடிப்படைச் சம்பளமாகக் கேட்டதன் பொருள் இதுதான். ஊழியர் சேமலாப நிதிக்கான கணக்கு அடிப்படைச் சம்பளத்தில் நிற்கிறது. மற்றவை எல்லாம் மழை பெய்தால் கரைகிற தொகைகள். றப்பர்த் தோட்டத்தில் மழை நாளில் பால்வெட்டே இல்லை என்பதை நினைவிற்கொள்க. சப்ரகமுவவில் மழைக்குப் பஞ்சமும் இல்லை.

அதன் பின்னரும் கணக்கு இதே வடிவில்தான் வந்தது. 2019இல் 700உம் 50உம் சேர்ந்து 750. 2021இல் 900உம் 100உம் சேர்ந்து 1000. 2024இல் பேசப்பட்ட 1700இல் 1350 ஒரு பகுதி, 350 இன்னொரு பகுதி. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தின் 1750இலும் 1550 அடிப்படை, 200 வரவுக்கு. எந்த அரசாங்கம், எந்தத் தொழிற்சங்கம் என்பதை விடுங்கள். ஒவ்வொரு முறையும் தலைப்பில் பெரிய இலக்கமே போகிறது. அதனைத் தலைப்பில் போடுகிறவர்கள் பத்திரிகையாளர்களாகிய நாங்கள்.

சப்ரகமுவவுக்கே உரிய இருண்மை ஒன்று உண்டு. அது மொழியினால் வருவது. சில ஆண்டுகளுக்கு முன் கேகாலை மாவட்டத்தில் ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், ஓர் அரச அலுவலகத்திலிருந்து தமக்கு வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அவர் சிங்களம் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அவருடைய பேரன் சிங்கள மொழிமூலம் படிப்பவன். அருகே தமிழ்மொழிமூல உயர்தர வகுப்பு இல்லாததால் அப்படி. அவன் கடிதத்தைத் தடங்கலின்றி வாசித்தான், ஆனால் அந்த அலுவலகச் சிங்களம் அவனுக்கு விளங்கவில்லை. பேசத் தெரிந்தவருக்கு எழுத்து தெரியவில்லை. எழுத்து தெரிந்தவனுக்குப் பொருள் தெரியவில்லை. நானும் ஒரு நண்பரின் உதவியோடுதான் விளங்கிக்கொண்டேன்.

அவர் குடியிருக்கும் வீட்டைப் பற்றிய கடிதம் அது. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பாவிக்கலாம்' என்பது அதன் சாரம். அந்த நிபந்தனைகள் எவை என்று கடிதத்தில் இல்லை. வீடு அவருக்குச் சொந்தமா என்றால் சொந்தம் என்றும் இல்லை, சொந்தம் இல்லை என்றும் இல்லை. அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் கம்பனிகளின் கைக்கு நீண்டகாலக் குத்தகையாகப் போன பின்னர், லயம் யாருடையது, லயத்தின் கீழுள்ள மண் யாருடையது, வாசலில் போட்ட கறிவேப்பிலைச் செடி யாருடையது என்பவை இப்படித்தான் தாள்களில் மிதக்கின்றன. உறுதி என்றால் உறுதி. உறுதியைப் போலத் தோன்றும் கடிதம் உறுதி ஆகாது. அரசியலமைப்பின் மொழி அத்தியாயம், வடக்கு கிழக்குக்கு வெளியே உள்ள தமிழருக்கும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த முதியவருக்கு அது தெரியாது. தெரியப்படுத்துவதை விட்டுவிட்டு நான் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் 'இருள்' என்ற சொல் இருக்கிறது. கோப்பில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. அதனையும் சொல்ல வேண்டும். இருண்மை எப்போதும் வலியவரின் கருவி அன்று, எளியவரின் கவசமாகவும் இருந்திருக்கிறது. இந்த நாட்டில் பெயரை எழுதியதற்காக உயிர் போயிருக்கிறது. 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் தாக்கப்பட்டு மாண்டார். அந்தக் காலங்களில் 'இனந்தெரியாதோர்' என்று எழுதிய மாகாணச் செய்தியாளர் எவரையும் நான் கோழை என்று சொல்லமாட்டேன். அவர் மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டியவர். எங்கள் கவிஞர்கள் மூடி எழுதியதும் பல வேளைகளில் இதே காரணத்தினால்தான். குற்றம் நிரூபணமாகும் முன் ஒருவரின் பெயரை எழுதுவது அறமும் அன்று, சட்டமும் அன்று.

ஆனால் அச்சத்தினால் பிறந்த ஒரு சொல், அச்சம் நீங்கிய பின்னரும் பழக்கத்தினால் தொடர்கிறது. கோழி திருடியவனும் இன்று இனந்தெரியாதவன்தான். அதற்கு அச்சம் காரணம் அன்று, சோம்பல். மேலும், பெயரைச் சொல்லாதிருப்பதற்கும் தெரியாது என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. 'இனந்தெரியாதோர்' என்பதில் எவருக்குத் தெரியவில்லை என்ற செய்தி இல்லை. 'தாக்கியவர்களைப் பொலிஸார் இதுவரை கைதுசெய்யவில்லை. அவர்களைத் தமக்குத் தெரியும் என்று தோட்ட மக்கள் கூறுகின்றனர்' என்று எழுதலாம். எவரையும் அது குற்றவாளியாக்காது. வாசகர் அடுத்த கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாகிவிடும்.

இந்த மூடுசொற்களால் கெடுபவர்கள் நாங்கள் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 1981இல் தாக்க வந்தவர்கள் சில பேர். எங்களைப் பின்னறையில் வைத்துச் சோறு போட்டவர்களும் அதே கிராமத்தவர். அந்தச் சிலரின் பெயர்கள் எங்கும் பதிவாகாததால், பழி ஊர் முழுவதன் மீதும் படிந்தது. தோட்டத்தில் என் தலைமுறையினர் நெடுங்காலம் அந்தக் கிராமத்து ஆட்கள் எல்லாரையும் ஐயத்தோடு பார்த்தார்கள். சோறு போட்ட அம்மாவும் அந்த ஐயத்தைச் சுமந்தார். குற்றத்துக்குப் பெயர் இல்லாதபோது அது இனத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. இனந்தெரியாத என்ற சொல் கடைசியில் இனத்தை மட்டுமே தெரிய வைத்தது.

நன்னூல் நூற்குற்றங்களாகப் பத்தைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று 'மயங்க வைத்தல்'. அதே நூல் பத்து அழகுகளையும் சொல்கிறது. அவற்றுள் ஒன்று 'விளங்க வைத்தல்'. இரண்டிலும் உள்ள வினை வைத்தல் என்பதைக் கவனியுங்கள். மயக்கமும் விளக்கமும் தானாக நேர்வன அல்ல, எழுதுகிறவர் செய்து வைப்பவை. பள்ளியில் இதனை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். பொருள் விளங்க ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

ஆகவே ஆசிரியைக்குத் தொலைபேசியில் இவ்வாறு சொன்னேன். "டீச்சர், அந்தப் பிள்ளை கேட்டது சரி. அந்தக் கட்டுரையில் இருள் என்பது எதற்கும் உருவகம் இல்லை. யார் செய்தார்கள், என்ன செய்தார்கள் என்று விசாரித்து எழுதாத இடங்களில் நான் அந்தச் சொல்லைப் போட்டு நிரப்பியிருக்கிறேன். இதை அப்படியே அந்தப் பிள்ளையிடம் சொல்லலாம். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்தத் தலைப்பை மாற்றி எழுதும்படி பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். 'இருள்', 'விடியல்' என்ற இரண்டு சொற்களையும் பாவிக்கக் கூடாது என்று மட்டும் ஒரு விதி வைக்கச் சொன்னேன்.

சென்ற வாரம் சில தாள்களைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். எழுத்துப்பிழைகள் உண்டு. ஒருவன், தன் அம்மா காலை எத்தனை மணிக்கு எழுகிறார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், எடுக்காவிட்டால் எவ்வளவு வெட்டுவார்கள் என்று கணக்காகவே எழுதியிருக்கிறான். கேள்வி கேட்ட அந்த மாணவியின் தாளில் மூன்றே வரிகள். தங்கள் காம்பராவில் மழை பெய்தால் மூன்று இடங்களில் ஒழுகும் என்றும், தாத்தா துரையிடம் இரண்டு முறை போய்ச் சொன்னார் என்றும், இரண்டாம் முறை போனது மார்ச் மாதம் என்றும் எழுதியிருக்கிறாள்.

யார், யாரிடம், எத்தனை முறை, எப்போது. இத்தனையும் அதில் இருக்கின்றன. அதற்கு அவள் தலைப்பு வைக்கவில்லை. நானும் வைக்கப் போவதில்லை.